லேன் கார்டுக்காரர்

போனை எடுத்தால் அவர் ஹலோ சொல்ல மாட்டார். யார் பேசுகிறேன், எங்கிருந்து பேசுகிறேன் என்பதெல்லாம் கிடையாது. நேராக நம்பர்தான்.

"எழுதிக்கங்க அம்மணி. பூஜ்ஜியம், பூஜ்ஜியம், எட்டு, தர்மபுரி, நாலு, பவானி..."

அப்போது சேலத்தில் ஒரு சின்ன சாப்ட்வேர் கம்பெனியில் லைசென்ஸ் பார்க்கும் வேலையில் இருந்தேன். ஓமலூரிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருவேன். கோழிப் பண்ணைகளுக்குத் தீவனக் கணக்குப் போடும் சாப்ட்வேர் எங்களுடையது. மக்காச்சோளம் இன்றைக்கு என்ன விலை, சோயா எப்படி வந்திருக்கிறது, கிளிஞ்சல் எவ்வளவு சேர்த்தால் முட்டை ஓடு கெட்டியாக இருக்கும் என்றெல்லாம் அதுவே கணக்குப் பார்த்து, எதை எத்தனை கிலோ கலக்க வேண்டும் என்று சொல்லிவிடும். நாமக்கல் பக்கத்துப் பண்ணைக்காரர்களுக்கு அது இல்லையென்றால் கை ஒடிந்த மாதிரி.

ஒரு பண்ணை வாங்கினால் ஒரு கம்ப்யூட்டரில் மட்டும் ஓட வேண்டும் என்பது கம்பெனியின் சட்டம். அதற்கு ஒரு பூட்டு வைத்திருந்தோம். கம்ப்யூட்டரை நெட்வொர்க்கோடு இணைக்கும் லேன் கார்டில், அதைச் செய்த இடத்திலேயே பதித்த நம்பர் ஒன்று இருக்கும். எண்ணும் ஆங்கில எழுத்தும் கலந்து மொத்தம் பன்னிரண்டு. ஒரு கார்டின் நம்பர் இன்னொரு கார்டுக்கு வராது. மேக் நம்பர் என்போம். அந்த நம்பரை வாங்கி, அதற்கென்று ஒரு லைசென்ஸ் கீ தயார் செய்து கொடுப்பது என் வேலை. கார்டு எரிந்துபோய் வேறு கார்டு மாட்டினால், 'இது என் மெஷின் இல்லை' என்று சாப்ட்வேர் அடம்பிடித்து உட்கார்ந்துவிடும். உடனே எனக்குப் போன் வரும்.

நாமக்கல்லில் அந்தப் பண்ணைகளின் கம்ப்யூட்டர்களை எல்லாம் பார்த்துக்கொண்டிருந்த மெக்கானிக் அவர். பெயரை எழுத மாட்டேன், எழுதுகிற யோக்கியதை எனக்கு இல்லை. ஆபீசில் கார்டுக்காரர் என்றுதான் சொல்வோம். நம்பரில் வரும் ஆங்கில எழுத்துகளுக்கு அவர் ஊர்களை வைத்திருந்தார். ஏ என்றால் ஆத்தூர், பி பவானி, சி சென்னிமலை, டி தர்மபுரி, ஈ ஈரோடு. எஃப்புக்கு மட்டும் எங்கே தேடியும் ஊர் அகப்படவில்லை. "எஃப்புக்கு ஊர் இல்லீங்க, ஃபேன்னு வெச்சுக்கங்க" என்பார். நான் எழுதியதைத் திருப்பிப் படிக்க வேண்டும். அதன் பிறகு அவர் ஒரு தடவை படிப்பார். பாதியில் சந்தேகம் வந்துவிட்டால், "எட்டா பவானியான்னு தெரியலீங்க, கண்ணாடி போட்டுட்டு வாரேன்" என்று ரிசீவரை மேஜை மேல் வைத்துவிட்டுப் போய்விடுவார். நான் காதில் வைத்துக்கொண்டு காத்திருப்பேன். அவர் கடை ஒரு மாடியில் இருந்தது, கீழே டயர் கடையில் இரும்பு தட்டும் சத்தம் போனில் கேட்கும்.

எங்கள் நடைமுறை இதுதான். கார்டு செத்துவிட்டது என்று கடிதம் அனுப்ப வேண்டும். உடனே பதினைந்து நாள் ஓடக்கூடிய தற்காலிகக் கீ ஒன்று கொடுப்போம். அந்தப் பதினைந்து நாளுக்குள் செத்த கார்டைப் பார்சலில் அனுப்பினால் நிரந்தரக் கீ. பழைய கார்டை வைத்துக்கொண்டே இன்னொரு கம்ப்யூட்டருக்கும் கீ வாங்கிவிடக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு.

ஆனால் ஆட்கள் சும்மா இருப்பார்களா? வருகிற கடிதங்களை நம்பினால், மேகமே இல்லாத மாசி மாதத்தில்கூட நாமக்கல்லில் இடி விழுந்துகொண்டேதான் இருந்தது. எங்கேயோ குப்பையில் கிடந்த கார்டை எடுத்து, ஸ்டிக்கரைச் சுரண்டிவிட்டு அனுப்புவார்கள். எங்கள் கம்பெனி மாட்டிக் கொடுக்கும் கார்டுகள் எல்லாம் ஒரே இடத்துச் சரக்கு. பார்க்கவும் ஒரே மாதிரி இருக்கும், நம்பரில் முதல் ஆறு எழுத்தும் ஒன்றுதான். அதனால் பார்த்த மாத்திரத்தில் எனக்குத் தெரிந்துவிடும். "என்னங்க, இது உங்க கார்டு மாதிரி இல்லையே?" என்று கேட்பேன். "அட, ஸ்டிக்கர் கிழிஞ்சு போச்சுங்க" என்று சிரிப்பார்கள். நானும் சிரித்துவிட்டுக் கீ போட்டுக் கொடுப்பேன். கம்பெனி என்ன என் அப்பன் வீட்டுச் சொத்தா?

கார்டுக்காரரின் பார்சல் தனியாகத் தெரியும். மாத்திரை டப்பாவில் பஞ்சு வைத்து, அதன் மேல் கார்டைத் துடைத்து வைத்திருப்பார். கார்டின் மேல் சின்னச் சீட்டு ஒட்டி அதன் நம்பரைத் தன் கையால் எழுதியிருப்பார். கடிதம் அதைவிட. ஒன்றில் இப்படி எழுதியிருந்தார்: கார்டு தானாகச் சாகவில்லை, தூசு தட்டும்போது என் கை தவறி உடைந்துவிட்டது, பண்ணைக்காரர் மேல் குற்றம் இல்லை. இதைப் படித்துவிட்டு ஆபீசில் எல்லோரும் சிரித்தோம். இடி விழுந்தது என்று ஒரு வரி எழுதினால் முடிகிற காரியம். அந்தப் பண்ணைக்காரர் அடுத்த மாதமே வேறு மெக்கானிக்கைத் தேடிக்கொண்டார்.

ஒரு பெரிய பண்ணையின் முதலாளி, இரண்டாவது தீவன ஆலைக்கும் கீ வாங்கித் தரச்சொல்லி இவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு எனக்குப் போன் செய்யச் சொன்னார். பழைய கம்ப்யூட்டர் எரிந்துவிட்டது என்று சொல்ல வேண்டும் என்பது ஏற்பாடு. இவர் போனில், பழையது நன்றாக ஓடுகிறது, புதிதாக ஒன்று வாங்கியிருக்கிறார்கள், அதற்கும் சும்மா கொடுப்பீர்களா என்று கேட்டார். போனை யாரோ வெடுக்கென்று பிடுங்குவது எனக்குக் கேட்டது. அந்தப் பண்ணையும் போயிற்று.

ஒருமுறை நாமக்கல்லுக்கு வேலையாகப் போனபோது அவர் வீட்டில் சாப்பிட்டேன். அவர் மனைவி பரிமாறிக்கொண்டே புகார்ப் பட்டியல் வாசித்தார். அக்கா மகனுக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில், மாப்பிள்ளைக்கு மூக்கில் ஆபரேஷன் ஆகியிருக்கிறது, ராத்திரியில் குறட்டை பலமாக இருக்கும் என்று சொல்லிவிட்டு வந்தாராம். "அவிய கேட்டாங்க, சொன்னேன்" என்றார் இவர், ரசத்தைப் பிசைந்தபடி. "கேக்கலைன்னாலும் சொல்லியிருப்பாரு" என்றார் மனைவி. சாப்பாடு எப்படி இருக்கிறது என்று இவரிடம் கேட்பதையே அவர் விட்டுப் பல வருஷம் ஆகிவிட்டதாம். சிரித்துச் சிரித்து எனக்குப் புரை ஏறிவிட்டது.

இத்தனை சொன்னாலும் அவருக்கு வேலை குறையவில்லை. பத்துப் பேர் கோபித்துக்கொண்டு போனால் இருபது பேர் அவரைத்தான் கூப்பிட்டார்கள். பண்ணைக்காரர்களுக்குத் தீவனக் கலவை ரொம்ப ரகசியம். பக்கத்துப் பண்ணைக்குத் தெரிந்தால் தூக்கம் வராது. அந்தக் கலவை இருக்கிற கம்ப்யூட்டரை இவர் கையில் கொடுத்துவிட்டு நிம்மதியாக வெளியூர் போவார்கள். இவர் சொன்னால் அது அப்படித்தான் என்பது அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். நாள் முழுக்கப் பொய்க் கடிதங்களாகப் படித்துக்கொண்டிருந்த எனக்கு, அவருடைய மாத்திரை டப்பா வந்தால் ஒரு சந்தோஷம். பிரித்துக்கூடப் பார்க்காமல் கீ போட்டுவிடுவேன்.

அந்த வைகாசியிலும் ஒரு டப்பா வந்தது. மல்லசமுத்திரம் பக்கத்தில் ஒரு பண்ணை. பத்து நாளைக்கு முன்பே கடிதம் வந்து தற்காலிகக் கீ கொடுத்திருந்தேன். 'இடி விழுந்து கார்டு எரிந்துவிட்டது' என்று ஒரே வரி, அதன் கீழே பழைய கார்டின் நம்பரும் புதுக் கார்டின் நம்பரும். அவர் கடிதம் அவ்வளவு சின்னதாக இருந்ததே எனக்கு உறைத்திருக்க வேண்டும். டப்பாவைத் திறந்தது தற்செயல்தான், மேஜை மேல் இடம் வேண்டியிருந்தது. கார்டின் மேல் வழக்கம்போலச் சீட்டு. அதில் அவர் கையெழுத்தில் நம்பர். முதல் ஆறு எழுத்தும் எங்கள் கார்டின் எழுத்துகள் இல்லை. கடிதத்தில் எழுதியிருந்த நம்பரும் இல்லை.

அவர் பொய் சொல்லியிருந்தார். சொன்னதையும் ஒழுங்காகச் சொல்லத் தெரியாமல், வேறு ஏதோ கார்டை வைத்து, அதன் மேல் அதன் உண்மையான நம்பரையே எழுதி அனுப்பியிருந்தார்.

சிரித்திருக்கலாம். மற்றவர்களிடம் அப்படித்தானே சிரித்தேன். ஒரு போன் போட்டு, என்னண்ணா இது என்று கேட்டிருக்கலாம். எனக்கு வந்ததோ ஆத்திரம். நூறு பேர் பொய்யை விழுங்கியவளுக்கு அவர் பொய் தொண்டையில் சிக்கிக்கொண்டது. நீயுமா என்று மனசுக்குள் கேட்டுக்கொண்டேன். பெரிய துரோகம் நடந்துவிட்டது போலக் கண்ணில் தண்ணீர்கூட வந்தது. கம்பெனியின் சட்டப் புத்தகத்தைத் திறந்தேன். சந்தேகம் வந்தால் லைசென்ஸ் யார் பேரில் இருக்கிறதோ அவரிடம் விசாரிக்க வேண்டும் என்று அதில் இருந்தது. அதுவரைக்கும் ஒரு தடவைகூட நான் அந்தப் பக்கத்தைப் பார்த்ததில்லை.

பண்ணைக்குப் போன் செய்தேன். கம்ப்யூட்டர் நன்றாகத்தானே ஓடுகிறது, இதோ முன்னால் உட்கார்ந்துதான் பேசுகிறேன் என்றார் எடுத்தவர். யார் எரிந்துவிட்டது என்று சொன்னது என்று கேட்டார். சொன்னேன்.

மூன்றாம் நாள் கார்டுக்காரர் ஆபீசுக்கே வந்துவிட்டார். பஸ்ஸில் நின்றுகொண்டே வந்திருப்பார் போல, சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. நான் உட்காரச் சொல்லவில்லை. நின்றபடியே சொன்னார். அந்தப் பண்ணை அண்ணன் தம்பி இருவருடையது. தம்பி மாரடைப்பில் போய்விட்டார். பிரித்துக் கொடுத்தபோது தம்பி மனைவிக்கு ஒரு ஷெட்டும் நாலாயிரம் கோழியும் வந்தன. கம்ப்யூட்டர் அண்ணன் வீட்டில் நின்றுவிட்டது. பொம்பளைக்கு எதற்குக் கம்ப்யூட்டர் என்றுவிட்டார்கள். கலவைக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்ததே அந்தம்மாதான் என்பது அவர்களுக்கும் தெரியும். இவர் இரண்டு தடவை நேரில் போய்க் கேட்டார், வாசலோடு அனுப்பிவிட்டார்கள். அந்தம்மா கைமதிப்பாகக் கலந்து போட்டதில் முட்டையெல்லாம் ஓடு பிடிக்காத தோல்முட்டையாக விழுந்தது. அட்டையில் அடுக்கும்போதே உடைந்தது. புது லைசென்ஸ் வாங்குகிற நிலையில் அந்தம்மா இல்லை. இவர் ஒரு பழைய கம்ப்யூட்டரைத் தட்டிக்கொட்டித் தயார் செய்து கொடுத்து, எனக்கு அந்தக் கடிதத்தை எழுதினார். தற்காலிகக் கீ வந்த பிறகு ஓடு தேறிக்கொண்டிருந்தது. இன்னும் இரண்டு நாளில் அந்தக் கீ நின்றுவிடும்.

கேட்டுக்கொண்டிருந்தேன். மனசு இளகத்தான் செய்தது. ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை. புதுக் கார்டின் நம்பரை மறைத்துப் பழைய நம்பரையே காட்டும்படி செய்துவிடலாம், கம்ப்யூட்டரில் இரண்டு நிமிஷ வேலை, நாமக்கல்லில் எத்தனை பேர் செய்கிறார்கள், எங்களுக்குத் தெரியவே வந்திருக்காதே, உங்களுக்குத் தெரியாதா என்று கேட்டேன். அந்த நம்பருக்கான பழைய கீயின் நகலும் அவர் கையில் இருந்திருக்கும், பண்ணை வேலை முழுக்க அவர்தானே பார்த்தார்.

"தெரியுமுங்க" என்றார். "பொய் சொல்லோணும்னு ஆயிருச்சு, நான் சொல்லிக்கறேன். மெஷினைச் சொல்ல வெக்கக் கூடாதுங்க. அதுக்குப் பொறந்த நம்பரு ஒண்ணு இருக்குதுல்ல."

சீட்டில் எதற்கு உண்மையான நம்பரை எழுதினீர்கள் என்று கேட்டேன். அவர் என்னைப் புரியாமல் பார்த்தார். கார்டின் மேல் அதன் நம்பரை எழுதாமல் வேறு எதை எழுதுவது என்றார்.

பிறகு கையைக் கட்டிக்கொண்டார். என்னைவிட இருபது வயது மூத்தவர்.

"தப்பு என்னுது அம்மணி. என்னை என்ன வேணா பண்ணுங்க. அந்தம்மா கீயை மட்டும் நிறுத்திராதீங்க. நாலாயிரம் கோழிங்க."

கீ போடும் புரோகிராம் என் மெஷினில்தான் இருந்தது. மேனேஜர் மாதக் கடைசியில் பட்டியலில் கையெழுத்துப் போடுவாரே தவிர, ஒரு வரி படிக்க மாட்டார். அதற்கு முந்தின வாரம்தான் ஒரு பண்ணைக்காரர் மாம்பழக் கூடையை மேஜைக்கடியில் வைத்துவிட்டு இரண்டாவது கீ வாங்கிப் போயிருந்தார். அந்தப் பழ வாசம் இன்னும் என் காலடியில் அடித்துக்கொண்டிருந்தது. அந்தம்மாவின் நம்பரை அடித்து ஒரு பட்டனைத் தட்ட எனக்கு அரை நிமிஷம் போதும். ஆனால் அண்ணன்காரருக்குப் போன் செய்து இவரை மாட்டிவிட்டவள் நான். இப்போது கொடுத்தால், அந்தப் போன் செய்ததே தப்பு என்று ஆகிவிடும். அவர் முன்னால் இறங்கி வர எனக்கு மனம் வரவில்லை. அவ்வளவுதான் காரணம். எத்தனை வருஷம் யோசித்தாலும் இதைவிடக் கௌரவமான காரணம் ஒன்றும் கிடைக்கவில்லை.

"என் கையில இல்லீங்கண்ணா" என்றேன். "மேலே முடிவு பண்ணிட்டாங்க."

இன்னொரு தடவை கேட்பார் என்று நினைத்தேன். கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வது உண்டு. அவர் கேட்கவில்லை. ஒருவர் இல்லை என்று சொன்னால் இல்லை என்றுதான் அவருக்கு அர்த்தம்.

"அப்ப நீங்க என்ன பண்ணுவீங்க, பாவம்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார்.

சொன்ன நாளில் கீ நின்றது. அடுத்த மாதம் அந்தம்மா கோழிகளைக் கழிவு விலைக்கு ஏற்றி அனுப்பிவிட்டதாகப் பண்ணைக்காரர் ஒருவர் பேச்சோடு பேச்சாகச் சொன்னார். அண்ணன்காரர் விடவில்லை. தீவனக் கடை, முட்டை வண்டி, கல்யாணப் பந்தி என்று போன இடமெல்லாம், கம்ப்யூட்டர்காரன் பொய்க் கடுதாசி போடுகிறவன், கலவையை வெளியே விற்றாலும் விற்பான் என்று சொன்னார். பொய்யே சொல்லாத ஆள் என்று பெயர் எடுத்தவர் மேல் ஒரு பொய் நிரூபணம் ஆகிவிட்டால், மற்றவை தானாக ஒட்டிக்கொள்ளும் போலிருக்கிறது. ஸ்டிக்கர் சுரண்டின கார்டை எனக்கு அனுப்பிவிட்டுச் சிரித்த அதே ஆட்கள் அவரைக் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். எனக்கு நம்பர் சொல்லிப் போன் வருவது குறைந்தது, பிறகு நின்றது. டயர் கடை மாடியில் வேறு யாரோ செல்போன் கடை வைத்திருப்பதாகச் சொன்னார்கள். நான் போய்ப் பார்க்கவில்லை. அடுத்த வருஷம் அந்த வேலையை விட்டு வேறு கம்பெனிக்குப் போனேன்.

பல வருஷம் கழித்து, தங்கை மகளைச் சேர்ப்பதற்காக நாமக்கல் பக்கத்தில் ஒரு ஹாஸ்டல் பள்ளிக்குப் போயிருந்தேன். கம்ப்யூட்டர் லேப்பைச் சுற்றிக் காட்டினார்கள். வரிசையாக மெஷின்கள். கடைசி மேஜைக்கடியில் குனிந்து ஒயரை இழுத்துக்கொண்டிருந்தவர் எழுந்து நின்றார். கழுத்தில் பள்ளியின் அடையாள அட்டை. தலை முழுக்க நரைத்து, தோள் இறங்கிப் போயிருந்தது. எனக்கு முன்னால் அவர் என்னைக் கண்டுபிடித்துவிட்டார்.

"அம்மணி" என்றார். முகமெல்லாம் சிரிப்பு. ஓடிப்போய் நாற்காலி இழுத்துப் போட்டார்.

அக்கா எப்படி இருக்கிறார்கள் என்றேன். மனைவி போய் நான்கு வருஷம் ஆகிறதாம். இங்கே வேலை சிரமமில்லை, பிள்ளைகள் எலிக்குட்டியைத்தான் அடிக்கடி உடைக்கிறார்கள், மௌஸை அப்படித்தான் சொன்னார். அந்தம்மாவைப் பற்றி நானாகக் கேட்கவில்லை. அவரே சொன்னார். இந்தப் பள்ளியின் ஹாஸ்டல் சமையல்கட்டில்தான் இருக்கிறாராம். இவர்தான் சொல்லிச் சேர்த்துவிட்டாராம். இருங்கள், கூட்டி வருகிறேன் என்று நான் வேண்டாம் என்பதற்குள் போய்விட்டார்.

அந்த ஐந்து நிமிஷம் நான் ஒத்திகை பார்த்தேன். அண்ணா, அன்றைக்கு என் கையில்தான் இருந்தது. அவ்வளவுதான் வாக்கியம். அதைச் சொல்லிவிட வேண்டும், அவர் என்ன நினைத்தாலும் சரி என்று முடிவு செய்தேன்.

அந்தம்மா வந்தார். கையில் டீ டம்ளர். சேலைத் தலைப்பில் மாவு ஒட்டியிருந்தது. டம்ளரை மேஜையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்துக் கும்பிட்டார். எனக்கு எழுந்து நிற்கக்கூடத் தோன்றவில்லை.

"நீங்கதானுங்களா அது. அண்ணன் எப்பவும் சொல்லுவாருங்க. ஆபீஸ்ல அந்த அம்மணி நல்லவங்க, அவிய கையில மட்டும் இருந்திருந்தா கண்டிப்பாக் குடுத்திருப்பாங்கன்னு."

அவர் பக்கத்தில் நின்று ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார். ஊரில் அத்தனை பேரும் அவர் வார்த்தையைக் கைவிட்ட பிறகும் விடாமல் நம்பிக்கொண்டிருந்தவர் அந்தம்மா ஒருத்திதான். அவரிடம் போய், இத்தனை வருஷமாக, என் பொய்யைத் தன் வாயால் உண்மை என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார் இந்த மனுஷன்.

இரண்டு பேரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஆமாங்க" என்றேன். "என் கையில இல்லாமப் போச்சு."

டீ ஆறுகிறது என்று அந்தம்மா சொன்னார். எடுத்துக் குடித்தேன்.